சார் பெயரில் கல்வெட்டு ஏன் வைக்கவில்லை?



போன வாரத்திலிருந்து போனில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "சார் பேர்ல ஏன் கல்வெட்டு வைக்கல?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். வகுப்பில் பொறுத்துக்கொண்டதுபோல் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் கோயிலை ஒட்டிப் புதிதாக மண்டபம் கட்டுகிறார்கள். உங்கள் சார் இறந்து வருகிற மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அவர் நினைவாக நாங்களும் ஒரு தொகை கொடுத்தோம். கொடுத்தவர்கள் பெயரை வாசலில் கல்லில் பொறிப்பதாகச் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். மூத்தவனுக்கு வருத்தம். "முப்பத்தஞ்சு வருஷம் வாத்தியாரா இருந்தவருக்கு ஒரு கல்லுகூட இல்லாமப் போயிருமேம்மா" என்றான். அப்பா மேல் உள்ள பாசத்தில் கேட்கிறான், அதில் தப்பில்லை. அவனுக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஐந்தாம் வகுப்பு எனக்கு. ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரம், வெளியூரில் இருந்த ஒரு நல்ல மனிதர் ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் அனுப்பியிருந்தார். கொடுத்தவர் மனம் குளிரட்டும் என்று, காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி முன்னால் கூப்பிட்டேன். பதினான்கு பேர். வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தோம். எல்லாரும் கைதட்டினார்கள். அன்று எனக்கு ரொம்பத் திருப்தி.

மறுநாள் அவர்களில் ஒரு பெண் பிள்ளை தன் பழைய மஞ்சள் பையோடு வந்தாள். "புதுப் பை எங்கம்மா?" என்றேன். பதில் இல்லை. இரண்டாம் தடவை கேட்டதும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாரும் தர்மப் பை, தர்மப் பைங்காவ டீச்சர்."

அந்த வார்த்தை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. பை கொடுத்தது உண்மைதான். ஆனால் பதினான்கு பிள்ளைகளுக்கும் "ஏழை" என்று நெற்றியில் எழுதி அனுப்பியதும் நான்தான்.

இத்தனைக்கும் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க வேறு யாரும் தேவையில்லை. எங்கள் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்படியில் இருந்த கலயத்தில் போடுவாள். வீட்டில் எட்டுப் பேர். அந்த ஒரு பிடி எங்கள் சோற்றிலிருந்துதான் குறையும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பொதுச் சாக்கில் கொட்டுவோம். சாக்கில் விழுந்த பிறகு எது யார் வீட்டு அரிசி என்று எவராலும் சொல்ல முடியாது. அது யார் வீட்டுக்குப் போகிறது என்றும் தெரியாது.

மழை பொய்த்த ஒரு வருடம், அந்தச் சாக்கிலிருந்து எங்கள் வீட்டுக்கே அரிசி வந்திருக்கிறது. எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா அதைச் சொன்னாள். தர்ம அரிசியைச் சாப்பிட்டுவிட்டு, அது தெரியாமலே, தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். என் மாணவிக்கு அந்தப் பாக்கியத்தை நான் கொடுக்கவில்லை.

அடுத்த வருடம் முறையை மாற்றினேன். வந்த நோட்டுகளை வகுப்பு அலமாரியில் அடுக்கிவிட்டு, "நோட்டு தீர்ந்தவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னேன். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் இரண்டு எடுத்தார்கள். எடுத்தால் எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். யாரும் யாரையும் பார்த்து எதுவும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு விவிலியத்தை நிதானமாக வாசிக்க நேரம் கிடைத்திருக்கிறது. மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் வரும் ஏழைக் கைம்பெண்ணை உங்களுக்கெல்லாம் தெரியும். எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியில் இரண்டு சிறு காசுகளைப் போட்டவள். இரண்டு காசு இருந்ததால் ஒன்றை வீட்டுக்கு வைத்திருக்கலாம், வைக்கவில்லை. இரண்டாயிரம் வருடங்களாக உலகமெல்லாம் அவளைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அவள் பெயர் நமக்குத் தெரியாது. ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்தானே ஒரு சிறுவன், அவன் பெயரையும் யோவான் எழுதவில்லை. இரண்டு பேரையும் ஆண்டவருக்குத் தெரியும், அது போதும் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

"பெயர் போட்டுக் கொடுத்தவர்களும் விவிலியத்தில் உண்டே" என்று மூத்தவன் கேட்பான். உண்டு. பர்னபா தன் நிலத்தை விற்றுத் திருத்தூதர்களின் காலடியில் பணத்தை வைத்தார் என்று திருத்தூதர் பணிகள் நூல் பெயரோடு சொல்கிறது. அதைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்திருப்பார்கள். அதனால் கல்வெட்டில் பெயர் போடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே அனனியாவும் சப்பிராவும் வருகிறார்கள். நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பகுதியை மறைத்துவிட்டு, முழுவதும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டவர்கள். பெயர் வாங்கும் ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அவர்களே சாட்சி. நான் பர்னபா இல்லை. அசெம்பிளியில் கைதட்டு வாங்கியபோது எனக்குள் இருந்த மகிழ்ச்சி எனக்குத் தெரியும்.

நம் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. 1833-இல் பாரிஸில் பிரெடரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் தன் நண்பர்களோடு தொடங்கியது. அவர்கள் ஏழைகளை வரிசையில் நிற்க வைப்பதில்லை. தாங்களே வீடு தேடிப் போய், உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார்கள். யாருக்கு என்ன செய்தார்கள் என்று வெளியே சொல்வதில்லை. கூட்டத்தில் ஒரு பையைச் சுற்றுக்கு விடுவார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. அந்தப் பைக்கும் எங்கள் அம்மாவின் கலயத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நம் பக்கத்து அசனமும் அப்படித்தான். கார் வைத்திருப்பவரும் களையெடுக்கப் போகிறவரும் ஒரே பந்தியில் இலை போட்டுச் சாப்பிடுவார்கள். அங்கே யாரும் பிச்சை வாங்குவதில்லை. எல்லாரும் அந்தோணியார் வீட்டு விருந்தாளிகள்.

கொடுப்பதால் வாங்குகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை நாம் கணக்குப் போட்டுவிடலாம். கொடுக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது? பென்ஷன் வந்ததும் பாஸ்புக்கைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவள் நான். நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் இந்த வயதில் ராத்திரியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொடுத்த மாதங்களில் அந்தப் பயம் குறைந்திருக்கிறது. தவக்காலத்தில் செபம், நோன்போடு தருமத்தையும் திருச்சபை சேர்த்துச் சொல்வது இதனால்தான் என்று நினைக்கிறேன். பணத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கையை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறது.

"அப்பாவுக்காகச் செபிக்க யாருக்கு ஞாபகம் வரும்?" என்பது மகனின் இன்னொரு கவலை. நியாயமானதுதான். அதற்குத் திருப்பலிக் கருத்து இருக்கிறது. நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாள் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே அவரிடம் படித்த நீங்கள் இருக்கிறீர்கள்.

மண்டபத்துக்கென்று நினைத்திருந்ததில் ஒரு பகுதியை ஒரு பிள்ளையின் படிப்புக்கு மாற்றிவிட்டோம். யார், எவ்வளவு என்று கேட்காதீர்கள். "இப்படி எழுதுவதும் தம்பட்டம்தானே டீச்சர்?" என்று உங்களில் ஒரு வாலு கேட்கும். ஓரளவு உண்மைதான். நீங்கள் கேட்டதால் சொன்னேன். இனி இதைப் பற்றிப் பேச மாட்டேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பள்ளிக்கோ, ஊருக்கோ, கோயிலுக்கோ கொடுப்பவர்கள் உங்களில் நிறையப் பேர். கொடுங்கள், சந்தோஷம். ஆனால் வாங்குகிற பிள்ளையின் கையில் பொருளைக் கொடுத்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அந்தப் போட்டோவை அதன் வகுப்புப் பிள்ளைகளும் பார்ப்பார்கள்.

மஞ்சள் பையோடு வந்த மகளே, இதை நீ படிக்கிறாயா என்று தெரியவில்லை. படித்தால், டீச்சர் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். போன் செய்ய வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம். நீ நன்றாக இருந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்