குறட்டையும் பேச்சும்

குறட்டை விடுவோரை நாமும் கேலி செய்ததுண்டு. ஆனால், குறட்டை ஓய்ந்ததென்று வீட்டார் நிம்மதியடையும் நிசப்தத்திலேதான் சிலருக்கு அபாயம். தொண்டைத் தசைகள் தளர்ந்து வழியடைத்து, 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுவிடுகிறது. மூச்சு நிற்பதும் குன்றுவதுமாக மணிக்கு 30 தடவை நேர்ந்தால் நோய் கடுமையென்பர் வைத்தியர். உறங்குபவருக்கோ ஒன்றும் தெரியாது!

அந்தத் தொண்டையும் நாவும் அண்ணமுமே பேச்சையும் உருவாக்குகின்றன அல்லவா? 2011-இல் இஸ்ரேலின் பென்-குரியன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர், விழித்திருப்போரின் பேச்சைப் பதிந்து, உயிரொலிகளையும் மூக்கொலிகளையும் கம்ப்யூட்டரால் சோதித்து, நோயுள்ளோரைப் பிரித்தறியும் முறையொன்றை வெளியிட்டனர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கணக்கு.

எவரை முதலில் சோதிப்பதென்று அறிய இது உதவக்கூடும். முடிவு சொல்வது, உடம்பெங்கும் கம்பிகளை ஒட்டி இரவு முழுதும் நடத்தும் பரீட்சைதான். அந்தக் கோலத்தில் தூக்கம் வருமா என்று நம்மைக் கேளாதீர்கள்.