தனியாக ஒரு நாள் பழவேற்காட்டில்

“வெளியூர் போய்விட்டு வருகிறேன்” என்று வீட்டில் ஒரு பெண் சொன்னால், “யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்பார்கள். கல்யாணம் இல்லை என்றால், “யாருக்கு உடம்பு சரியில்லை?” என்பார்கள். இரண்டும் இல்லை, சும்மா ஊர் பார்க்கப் போகிறேன், அதுவும் தனியாகப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். உடனே அவள் நெற்றியில் கையை வைத்து ஜுரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்!

ஆனாலும் சகோதரிகளே, வருஷத்துக்கு ஒரு நாளாவது அப்படிப் போய் வாருங்கள். குடும்பத்தோடு போனால் நாம் எங்கே ஊரைப் பார்க்கிறோம்? சின்னவன் எந்தப் பக்கம் ஓடுகிறான், தண்ணீர்ப் பாட்டில் யார் கையில், புளியோதரை எல்லோருக்கும் காணுமா என்பதைத்தானே பார்க்கிறோம்? தனியாகப் போனால் ஒரு கல்லின் முன்னால் கால் மணி நேரம் நிற்கலாம். “வா, வா, நேரமாகிறது” என்று சொல்ல ஆள் கிடையாது.

இதற்காக ஆக்ராவுக்கு மூட்டை கட்ட வேண்டியதில்லை. சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில் நம் மாநிலத்தின் கடைசி ஸ்டேஷன் ஆரம்பாக்கம். அங்கேயும் கும்மிடிப்பூண்டியிலும் தொழிற்சாலை வேலைக்காகக் குடிவந்த குடும்பங்கள் ஏராளம். “இந்தப் பக்கம் புகைபோக்கியைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது?” என்று அலுத்துக்கொள்ளும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி: ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே பரந்து கிடக்கிறதே ஏரி, அதன் தென்கோடியில் இருக்கிறது பழவேற்காடு. சென்னைக் கோட்டைக்கு மூத்த கோட்டை இருந்த ஊர் அது!

ஆரம்பாக்கத்தில் காலை ரயில் ஏறினால் எளாவூர், கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை தாண்டிப் பொன்னேரியில் இறங்கலாம். சென்னைவாசிகள் மீஞ்சூர் வழியாக அதே பொன்னேரிக்கு வந்து சேரலாம். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 20 கிலோமீட்டர். கையில் ஒரு குடை, குடிக்கத் தண்ணீர், காலுக்கு நல்ல செருப்பு. இவ்வளவு போதும்.

இறங்கியதும் கோட்டையை அண்ணாந்து தேடாதீர்கள். புதர் மண்டிய மேடும் அகழியும்தான் மிச்சம். டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டி, ‘கெல்ட்ரியா’ என்று பெயரிட்ட கோட்டை அது. ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றதே 1639-ல்தான். விஜயநகரத்து வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று வந்த டச்சுக்காரர்கள், சோழமண்டலக் கரை வியாபாரம் முழுவதையும் இங்கிருந்துதான் நடத்தினார்கள். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. ஊர் பல கை மாறி, 1825-ல் நிரந்தரமாக ஆங்கிலேயர் வசமாயிற்று.

கோட்டை போனாலும் அதைக் கட்டியவர்களின் கல்லறைகள் போகவில்லை. தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். வாசலின் இரு புறமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் உங்களை வரவேற்கும்! பயப்பட வேண்டாம். ‘உனக்கும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று நினைவூட்டத்தான் அவை நிற்கின்றன. உள்ளே பெரிய பெரிய கற்பலகைகள். டச்சு எழுத்துக்களையும் குலச் சின்னங்களையும் எத்தனை அழகாக வெட்டியிருக்கிறார்கள்! பாஷை புரியாவிட்டாலும் பெயர்களையும் வருஷங்களையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். கடல் கடந்து வந்து, ஊர் திரும்பாமலே போனவர்கள். பாவம் என்றுதான் தோன்றும்.

ஆனால் அங்கேயே இன்னும் சிறிது நேரம் நில்லுங்கள். இத்தனை வேலைப்பாட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? முதலாவது, துணி. இந்தக் கரையில் நெய்த கட்டம் போட்ட துணியும் சாயத் துணியும் கப்பலேறி ஜாவாவுக்கும் அதற்கப்பால் இருந்த தீவுகளுக்கும் போயின. அதற்கு மாற்றாக மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். மலேசியாவில் உங்கள் உறவினர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். கட்டம் போட்ட கைலிக்கு அங்கே ‘காயின் பெலிக்கட்’ என்று பெயர். பெலிக்கட் என்றால் புலிக்கட், அதாவது நம் பழவேற்காடுதான்!

இரண்டாவது சரக்கைச் சொல்லவே நாக்குக் கூசுகிறது. மனிதர்கள்! 17-ஆம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் வந்தபோது, கஞ்சிக்கு வழியில்லாமல் பெற்ற பிள்ளைகளை விற்றவர்கள் உண்டு. தங்களையே விற்றுக்கொண்டவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இந்தத் துறையிலிருந்து படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். அவர்களுக்குக் கல் யார் நட்டார்கள்? தறியில் குனிந்து குனிந்து கண் மங்கியவர்களுக்குத்தான் யார் நட்டார்கள்? துணியில் ஊரின் பெயர் நிலைத்தது. நெய்தவரின் பெயரும் இல்லை, விற்கப்பட்டவரின் பெயரும் இல்லை. இதை யோசிக்கத்தான் தனியாக வர வேண்டும் என்றேன்.

மனம் கனத்திருந்தால் ஊருக்குள் நடந்து போங்கள். செம்பூரான் கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் விரல் அளவுச் சிற்பங்களாக ராமாயணக் காட்சிகள் இருக்கின்றன. சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் காட்டிய சூரிய கடிகாரம் இருக்கிறது. போர்ச்சுகீசியர் காலத்திலேயே வேரூன்றிய மாதா கோயிலும் உண்டு. மூன்றும் சிறிய ஊரின் சில தெருக்களுக்குள் அடக்கம்.

பிறகு ஏரிக்கரை. மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கினால் பூநாரைகள் வரும். கரையிலிருந்தே ஏரியைப் பாருங்கள். “படகில் ஒரு சுற்று போய் வரலாம் அம்மா” என்று யாராவது அழைத்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தனியாக வருகிறவளுக்குத் தைரியம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ஜாக்கிரதையும் வேண்டும். நாலு மணிக்குள் பொன்னேரி பஸ்ஸைப் பிடித்துவிட்டால் விளக்கு வைப்பதற்குள் வீடு சேரலாம்.

பஸ் ஏறுமுன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இந்த ஊர் முஸ்லிம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பனை ஓலையில் பெட்டிகளும் கூடைகளும் முடைகிறார்கள். சாயம் ஏற்றிய ஓலையை அவர்கள் விரல்கள் மடக்குகிற வேகத்தைக் கண்ணால் தொடர முடியாது. வெற்றிலைக்கோ வளையலுக்கோ ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பேரம் பேசாதீர்கள். அதற்குப் பதிலாக, “இதை முடைந்தது யார்? உங்கள் பெயர் என்ன அம்மா?” என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் அந்தப் பெயரை எழுதிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.