உறுதிக்கு ஒரு துணை

நாளை முதல் நடப்பேன் என்று சொல்லாதார் யார்? யானும் பல்லாண்டு அவ்வாறு சொல்லி வந்தவனே. நீரிழிவு உளதெனச் சென்ற ஆண்டு மருத்துவர் உரைத்த பின்னரே விழித்தேன்.

மலைநாட்டார்க்கு உடற்பயிற்சி எதற்கு என்று சிலர் வினவுவர். கொழுந்து பறிக்கும் பெண்கள் நாள்தோறும் சரிவேறி இறங்குகின்றனர், உண்மை. ஆயின் ஆசிரியர்க்கும் கடைக்காரர்க்கும் எழுதுவினைஞர்க்கும் அவ்வுழைப்பு ஏது? விரைந்து நடத்தல் போன்ற மிதமான உழைப்புக் கிழமைக்கு 150 நிமிடமேனும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த அளவு. நாளொன்றுக்கு அரை மணியாக ஐந்து நாள், அவ்வளவே.

நமக்குக் குறைவு அறிவில் இல்லை. தொடர்ந்து செய்வதில் உளது. முன்னாளில் தோட்டத்துத் தப்பொலி விடியலில் அனைவரையும் ஒருங்கே எழுப்பிப் பிரட்டுக்கு அழைத்தது. அஃது ஏவலின் ஒலி. அது மீள வேண்டுமென எவரும் விழையார். எனினும் கூடி எழுவோர் சோம்புவதில்லை என்னும் உண்மை அதனுள் உண்டு. ஏவல் அழைத்த இடத்தில் இனி அன்பு அழைக்கட்டும்.

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியான என் அயலவர் வைகறையில் வாயிலில் நின்று, "வாத்தியார் ஐயா, போவோமா?" என்று குரல் கொடுக்கிறார். மழையைக் காட்டி நழுவ வழியில்லை. தேநீரில் சீனியையும் இருவரும் ஒரே நாளில் விட்டோம்.

கொத்மலை ஓயாவின் நீரைத் தேக்கியது 1985இல் நிறைவுற்ற அணை. மழை அதற்கு முன்னும் பெய்தது. தடுத்து நிறுத்தக் கரைதான் இல்லை. நம் உறுதியும் அத்தகையதே. அன்பர்களே, இன்றே புதிய சபதம் எதுவும் வேண்டா. விடியலில் உங்களை அழைக்க ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.