கம்பி விலைக்கும் சீனாவுக்கும் என்ன சம்பந்தம்?

சீன இரும்பு வெள்ளமாக வந்து குவிகிறது, இறக்குமதியைத் தடுக்காவிட்டால் நாளை வீடு கட்டும் கம்பிக்கும் அந்நியரிடம் கையேந்த வேண்டும் என்று பட்ஜெட் நெருங்கும்போதெல்லாம் தொழில் மாநாட்டு மேடைகளில் முழங்குகிறார்கள். பல ஆண்டுகளாகக் கேட்டுச் சலித்த இந்தப் பேச்சு, கம்பியைப் பொறுத்தவரை பொய்.

முதலில், வந்து குவிவது எது? 2024-25-இல் இந்தியா இறக்குமதி செய்த சுமார் 95 லட்சம் டன் எஃகில் பெரும்பங்கு சுருளும் தகடும். காருக்கும் ஃபிரிட்ஜுக்கும் போகிற சரக்கு அது. தூணுக்குள் போகும் டிஎம்டி கம்பி அதில் மிகச் சொற்பம். நம்ப மறுப்பவர்கள் அரசாணையைப் படிக்கட்டும். 2025 ஏப்ரலில் விதிக்கப்பட்ட 12 சதவீதப் பாதுகாப்பு வரி தட்டை வகை எஃகுக்கு மட்டுமே. கம்பி அந்தப் பட்டியலிலேயே இல்லை. கம்பி இறக்குமதியால் நாடு மூழ்குவது உண்மையென்றால், அந்த வரியில் கம்பியை ஏன் சேர்க்கவில்லை?

இன்னும் வலுவான சாட்சி 2022. கட்டுமானச் செலவு எகிறியபோது, அந்த மே மாதம் மத்திய அரசு கம்பி உள்ளிட்ட எஃகு வகைகளுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. சரக்கு வெளியே போகாமல் உள்ளூரில் தங்கினால் விலை இறங்கும் என்பது கணக்கு. நவம்பரில்தான் அதை நீக்கினார்கள். வெளியே போகும் கம்பியைத் தடுக்க வரி போட்ட நாட்டில், உள்ளே வரும் கம்பியைக் காட்டிப் பயமுறுத்துவது எந்த நியாயம்?

சீனா மட்டுமே குற்றவாளி என்பதும் தவறு. தென் கொரியாவும் ஜப்பானும் சீனாவுக்கு இணையாக இங்கே எஃகு அனுப்புகின்றன. 2010, 2011-இல் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தங்களால் அந்த இரு நாட்டு எஃகுக்குச் சுங்க வரியும் கிடையாது. மேடையில் அந்தப் பெயர்கள் ஒலிப்பதே இல்லை.

தரமற்ற அந்நியக் கம்பி சந்தைக்கு வந்துவிடும் என்கிறார்கள். ஐஎஸ் 1786 தரச் சான்று இல்லாத கம்பியை இங்கே விற்கவே முடியாது.

சிறு ஆலைகள் அழிகின்றன என்பது உண்மை. எனக்கும் அந்த வேதனை உண்டு. ஆனால் கும்மிடிப்பூண்டியில் ஸ்கிராப்பை உருக்கிக் கம்பி இழுப்பவரின் கழுத்தை நெரிப்பவை மின்கட்டணமும் மூலப்பொருள் விலையும்தான். 2022 செப்டம்பரில் தமிழகத்தில் ஏறிய மின்கட்டணத்தைச் சீனா ஏற்றவில்லை.

2021-இல் கம்பி விலை தாங்காமல் கோவை ஒப்பந்ததாரர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். உள்நாட்டு உற்பத்தியாளர்களே கூடிப் பேசி விலையை ஏற்றுகிறார்கள் என்பதுதான் அவர்களின் புகார். அதன் பேரில் போட்டி ஆணையம் விசாரணையில் இறங்கியது. இறக்குமதியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், அடுத்த மாநாட்டில் அந்த விசாரணையைப் பற்றியும் பேசட்டும்.