சந்தா பாக்கி வைத்தவனுக்குச் சபையில் என்ன இடம்?

திருச்சபைத் தேர்தல் என்றால் நம் தோழர்கள் பலருக்குச் சிரிப்பு. "அது அய்யருங்க சண்ட, நமக்கின்னா?" என்கிறார்கள். மதமே வேண்டாம், அதில் நிர்வாகம் ஒரு கேடா என்று கேட்கிறவர்களும் உண்டு. என்னால் அப்படி ஒதுக்கிவிட முடியவில்லை. பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில்பெட்டி கழுவுகிறவரும், புளியந்தோப்பில் வீட்டுவேலைக்குப் போகிற அக்காவும் தலைமுறை தலைமுறையாகக் காணிக்கை போட்டு வளர்த்த சொத்து அது. பள்ளி இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, நிலம் இருக்கிறது. யாருக்கு சீட், யாருக்கு டீச்சர் வேலை என்று ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். விசுவாசம் அவரவர் பாடு. மேசை நம் எல்லோருடைய பாடு.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று இதே சென்னையில், செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் உருவானது. ஆங்கிலிக்கரிடமிருந்து பேராயர் பதவி வந்தது. கூட வந்து சேர்ந்த மற்ற சபைகளிடமிருந்து, சபையார் கூடிப் பேசி முடிவெடுக்கும் பழக்கம் வந்தது. காகிதத்தில் பார்த்தால் அருமையான ஏற்பாடு. கீழே சபைக் கமிட்டி, அதற்கு மேல் பேராய மன்றம், உச்சியில் சினாட். மூன்றிலும் ஆயர்களோடு சாதாரண சபையாரின் பிரதிநிதிகள் உண்டு. பேராயர் பதவிக்கே பேராய மன்றம் ஓட்டுப்போட்டுப் பெயர்ப்பட்டியல் அனுப்புகிறது. அதிலிருந்து ஒருவரை சினாட் தேர்ந்தெடுக்கிறது. ரோமைக்காரர்களிடம் இதெல்லாம் கிடையாது.

ஆனால் இந்த ஏணியின் முதல் படி வாக்காளர் பட்டியல். அதில் பெயர் வர ஞானஸ்நானம் போதாது, திடப்படுத்தல் போதாது. ஒழுங்காகச் சந்தா கட்டியிருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு இது ஒரு விஷயமே இல்லை. தினக்கூலிக்கு? மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லாத மாதம் பாக்கி விழும், பாக்கி சேர்ந்தால் பெயர் போகும். பாக்கியைக் கேட்க யாரும் வீடு தேடி வருவதில்லை. தேர்தலுக்கு முன்னால் மட்டும் ஏதோ ஓர் அணிக்காரர் வந்து மொத்தமாகக் கட்டிவிடுவார். அப்புறம் அது யார் ஓட்டு?

நான் வங்கியில் குமாஸ்தா. வருஷக்கணக்கில் பணம் போடாத, எடுக்காத கணக்கை 'செயல்படாத கணக்கு' என்று தனியே வைப்போம். ஆனாலும் கணக்குக்காரர் கணக்குக்காரர்தான். அடையாளத்தைக் காட்டினால் எழுப்பிக் கொடுத்தாக வேண்டும். லாபத்துக்கு நடக்கிற கடையிலேயே இவ்வளவு முறை இருக்கிறது.

இங்கிலாந்துத் திருச்சபையைப் பாருங்கள். 1919இல் பார்லிமெண்ட் சட்டம் வந்து, 1921இல் ஊர்தோறும் சபைக் கவுன்சில்கள் சட்டப்படி அமைந்தன. அங்கே பட்டியலில் சேர ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும், பதினாறு வயது ஆகியிருக்க வேண்டும், அந்த வட்டாரத்தில் குடியிருக்க வேண்டும் அல்லது ஆறுமாதம் ஆராதனைக்கு வந்திருக்க வேண்டும். சந்தா என்ற பேச்சே இல்லை. வெள்ளைக்காரனிடமிருந்து அங்கியை வாங்கினோம், நாற்காலியை வாங்கினோம். இதை மட்டும் கப்பலிலேயே விட்டுவிட்டோம்.

அதே 1919இல்தான் சவுத்பரோ கமிட்டி முன்னால் அம்பேத்கர் போய் நின்றார். சொத்தும் வரியும் பார்த்து ஓட்டுரிமை கொடுத்தால் தீண்டப்படாதவனுக்கு ஓட்டே கிடைக்காது என்பது அவர் வாதத்தின் உயிர். 1928இல் சைமன் கமிஷனிடம் வயதுவந்த அனைவருக்கும் ஓட்டு கேட்டார். 1950இல் அரசியல் சட்டம் அதைக் கொடுத்துவிட்டது. சபை வாசற்படியில் அது இன்னும் ஏறவில்லை.

இதற்குப் பின்னால் பழைய கதை ஒன்று உண்டு. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். நம் பக்கத்து வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதிக் கிறித்தவர்கள் எழுந்து வெளியே போனார்கள். பறையரோடு சேர்ந்து உட்கார மாட்டோம், ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்க மாட்டோம் என்பதுதான் விஷயம். சாதி வழக்கத்துக்காக வாதாடிய வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை நாமும் ஞாயிறுதோறும் உருகிப் பாடுகிறோம். இன்று பெஞ்சு பிரிந்து கிடக்கவில்லை. பட்டியல் பிரிந்து கிடக்கிறது.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது, இதை வெளியே பேசவே பயப்படுகிறார்கள். 1950 ஆணைப்படி கிறித்தவனானால் பட்டியல் சாதி உரிமை போய்விடும். சீக்கியருக்கு 1956லும் பௌத்தருக்கு 1990லும் கதவு திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். அதனால் சான்றிதழில் இந்து, ஞாயிற்றுக்கிழமை சபையில் என்று வாழ்கிற குடும்பங்கள் வடசென்னையில் தெருவுக்குத் தெரு. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், வேலைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்படியிருக்க, சபைப் பட்டியலில் பெயர் போடச் சொன்னால் அந்த அம்மா, "பேரு கீரு ஒண்ணும் வேணாம்பா, புள்ள படிக்குது" என்கிறார். காணிக்கைப் பைக்கு அவர் கிறித்தவர், வாக்குப்பெட்டிக்கு இல்லை. ஏமாற்றியது யார்? இந்த முடிச்சைச் சபை விதியைத் திருத்தி அவிழ்க்க முடியாது, டெல்லியில்தான் அவிழ்க்க வேண்டும். ஆனால் அதற்காகப் பேராயர்கள் பேசுகிற பேச்சு, சந்தாவுக்காகப் பெயரை வெட்டுகிற கமிட்டியின் வாயிலிருந்து வந்தால் யார் நம்புவது?

தலித் பேராயர் வந்தால் சரியாகிவிடும் என்றோம். 1990களில் எம். அசரியா சென்னைப் பேராயராக இருந்தார்; தலித் கிறித்தவர் உரிமையை உலக மேடைகளில் பேசினார். பெரிய காரியம்தான். ஆனால் கீழே கமிட்டியில் கான்ட்ராக்டரும் வக்கீலுமே உட்கார்ந்திருந்தால் மேலே யார் இருந்து என்ன? மேலேயும் பாருங்கள்: பேராயர்கள் ஓய்வு பெறும் வயதை 67இலிருந்து 70 ஆக்கப் பார்த்து, சினாட் தேர்தல் கோர்ட்டுக்குப் போய், 2024 ஏப்ரலில் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை உயர்நீதிமன்றம் நிர்வாகிகளாகப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. இந்த வழக்குச் செலவும் கடைசியில் காணிக்கைப் பைதானே? மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது நம் காலனியில் இதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்ததா?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பேராயத்தின் விதிப்புத்தகத்தை வாங்கிப் படியுங்கள், பேராயத்துக்குப் பேராயம் வித்தியாசம் இருக்கும். பாக்கியைக் காரணம் காட்டி வெட்டிய பெயர்கள் எத்தனை, எந்தத் தெரு, எத்தனை பேர் பெண்கள் என்று ஆயரிடம் எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டால் ஜெபித்து அனுப்பிவிடுவார்கள். கடிதத்தில் நகல் ஒன்று வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், பட்டுவாடாச் சான்றோடு.