ஏறுவதற்கு முன் இறங்கத் தெரிய வேண்டும்

யாழ்ப்பாணத்தில் சீட்டாட்டம் என்றால் அது பெரும்பாலும் முந்நூற்று நான்குதான். சனசமூக நிலையத் திண்ணைகளிலும் செத்தவீட்டு இரவுகளிலும் ஆடப்பட்டு, புலம்பெயர்ந்தவர்களோடு இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்ற ஆட்டம் அது. ஒரு நிறத்துக்கு 76 புள்ளிகள், நான்கு நிறங்களுக்கும் 304. பெயர்க் காரணம் அதுவே.

அந்த ஆட்டத்தின் ஒரு விதி எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. முதலில் நான்கு தாள்களே கைக்கு வரும். அந்தப் பாதிக் கையை வைத்துக்கொண்டு 160 இலிருந்து கேள்வி கேட்கலாம். மிகுதி நான்கும் வந்த பின்னர் புதிதாகக் கேட்பவர் 250 க்குக் குறையாமல் கேட்க வேண்டும். ஆசைக்கு ஒரு படி ஏறிப் பார்க்க விதி இடம் தராது. கையின் வலிமையை முழுதாக நிறுத்துப் பார்த்தவனே ஏறலாம். தோற்றாலும் பெரும்பாலும் நண்பர்களின் கேலியோடு போய்விடும்.

இன்றைய இளைஞர் சிலரின் கையில் இருப்பது வேறு சீட்டு. கைத்தொலைபேசியில், முகம் தெரியாதவர்களோடு, டொலர் கணக்கில் ஆடப்படும் போக்கர். அண்மையில் ஓர் இளைஞர் என்னிடம், "ஐயா, நான் பத்து டொலர் மேசையிலை ரெண்டு மாசமா வெல்லுறன். இனி மேலை ஏறலாமோ?" என்று கேட்டார். சூது தீது என்று சொல்லி அனுப்புவது எளிது. வள்ளுவர் 94 ஆம் அதிகாரத்தை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் கேட்கப்பட்ட கேள்விக்கு நேரான விடை சொல்லாமல் அறம் உரைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

விடை கணக்கிலேயே இருக்கிறது. மேசையில் அமர 10 டொலர் வேண்டுமானால், ஆட்டத்துக்கென ஒதுக்கிய பையில் அதைப் போல் இருபது முதல் முப்பது மடங்கு, அதாவது 200 முதல் 300 டொலர் இருக்க வேண்டும் என்பது அனுபவசாலிகள் பின்பற்றும் அளவு. அடுத்த மேசைக்கு 25 டொலர் வேண்டுமெனில் பையில் 500 முதல் 750 வேண்டும். நன்றாக ஆடுபவனையும் சீட்டு வாரக்கணக்கில் கைவிடும். அந்தக் காலத்தைத் தாண்டுவதற்கே இவ்வளவு இருப்பு. இரண்டு மாத வெற்றி என்பது சில ஆயிரம் கைகளாக இருக்கலாம். திறமையையும் அதிர்ஷ்டத்தையும் பிரித்தறியப் பல பத்தாயிரம் கைகள் வேண்டும். மேல் மேசையில் ஆட்கள் கெட்டிக்காரர் என்பதும், வென்றவர் தோற்றவர் பாராமல் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதும் இதனோடு சேரும்.

இதை உலகுக்குச் செய்து காட்டியவர் அமெரிக்க ஆட்டக்காரர் கிறிஸ் பெர்குசன். 2006 இல், ஒரு சதமும் போடாமல், இலவசப் போட்டிகளில் தொடங்கி, 2007 இல் 10,000 டொலரை எட்டினார். கையிருப்பில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் எந்த மேசைக்கும் கொண்டுபோவதில்லை என்பதே அவர் தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. இருப்புக் குறைந்தால் தயங்காமல் கீழ் மேசைக்கு இறங்கினார். ஏறியதை விட இறங்கியதே அவரைக் காப்பாற்றியது என்பேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவர் இயக்குநராக இருந்த புல் டில்ட் நிறுவனம் 2011 இல் அமெரிக்க அரசின் நடவடிக்கைக்கு உள்ளானபோது, ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியது ஏறத்தாழ 39 கோடி டொலர்; வங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி. தனி மனிதனின் பைக்கு இருந்த ஒழுங்கு நிறுவனத்தின் பைக்கு இருக்கவில்லை. வென்ற பணம் கைக்கு வரும்வரை அது வெறும் எண் மட்டுமே.

இந்தியாவில் 2023 இல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்றது. 2025 இல் இந்திய நாடாளுமன்றம் திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. சட்டங்கள் மாறலாம். யாருடைய பணம் மேசையில் இருக்கிறது என்பதே ஆடுபவன் தன்னைக் கேட்க வேண்டிய கேள்வி.

இங்கேதான் நமது மண்ணின் சிக்கல் இருக்கிறது. மேற்சொன்ன கணக்கெல்லாம், இழந்தாலும் எவர் வயிற்றிலும் அடிக்காத தனிப் பை ஒன்று உண்டு என்ற எடுகோளின் மீது நிற்கிறது. யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் அப்படியொரு பை எத்தனை பேரிடம் இருக்கிறது? குளிர் நாட்டில் இரவு வேலை செய்யும் தமையன் அனுப்பியது, தங்கையின் கல்யாணத்துக்கெனச் சேர்த்தது, அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்து எடுத்தது எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில் கிடக்கும். அந்த எண்ணைப் பார்த்து, "என்னிடம் முப்பது மடங்கு இருக்கிறது" என்று ஒருவன் நினைத்தால், கணக்குச் சரி, பணம் பிறருடையது.

ஆகவே என் விடை இது. பை உன் உழைப்பில் வந்தது, உன் ஒருவனுடையது என்றால், முப்பது மடங்கு சேரும்வரை பொறு. ஏறிய பின் இருப்பு எந்த அளவுக்குக் குறைந்தால் இறங்குவாய் என்பதை ஏறுவதற்கு முன்பே எழுதி வை. அதை மீறிய அன்றே ஆட்டத்தை விடு. பையில் வீட்டாரின் ஒரு ரூபா கலந்திருந்தாலும், மேல் மேசை மட்டுமல்ல, கீழ் மேசையும் உனக்குரியதல்ல.

வள்ளுவர் சூதுக்கு மட்டும் அதிகாரம் வைக்கவில்லை. வலியறிதலுக்கும் ஒன்று வைத்திருக்கிறார். மேலே ஏற நினைக்கும் தம்பிமார் இரண்டையும் சேர்த்துப் படிப்பது நல்லது.