கூறைப் புடவை எங்கே எடுப்பது? கெடா குடும்பங்களின் கணக்கும் உள்ளூர்க் கடைகளின் கவலையும்

திருமணம் நிச்சயமாகி, மண்டபத்துக்கு முன்பணம் கட்டியானதும் சுங்கைப்பட்டாணி வட்டாரக் குடும்பங்களில் அடுத்து எழும் கேள்வி, கூறைப் புடவையை எங்கே எடுப்பது என்பதுதான். ஊரிலேயே எடுக்கலாமா, பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குப் போகலாமா, சென்னைக்கே விமானம் ஏறிவிடலாமா, கைப்பேசி நேரலையில் பார்த்து வாங்கலாமா? முன்பு பெரும்பாலோருக்கு முதல் இரண்டு வழிகள் மட்டுமே இருந்தன. இன்று நான்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இதனால் பயனீட்டாளருக்குத் தேர்வு கூடியிருக்கிறது. உள்ளூர்த் துணிக்கடைக்கோ ஆண்டின் பெரிய வருமானம் நழுவும் நிலை.

தோட்டப்புற லயன் வீடுகளில் வாழ்ந்த தலைமுறைக்குத் துணி வாசலுக்கே வந்தது. சம்பள நாளன்று மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வியாபாரி வருவார். பாதி ரொக்கம், மீதி அடுத்த சம்பளத்தில். சாயம் போனால் அடுத்த மாதம் அவரையே பிடித்துக் கேட்கலாம். பாக்கிப் பணத்துக்கு அவர் வந்துதானே ஆக வேண்டும்! கல்யாணப் பட்டுக்கு மட்டும் பட்டணம் போவார்கள். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வட்டாரத் தோட்ட மக்கள் தாமான்களில் குடியேறினார்கள். கெடாவின் மிகப் பெரிய நகரமாக வளர்ந்த சுங்கைப்பட்டாணியின் துணிக்கடைகள் இவர்களை நம்பியே கல்யாணச் சரக்கை அடுக்கின.

அந்தக் கடைகளுக்குப் போட்டி முதலில் பக்கத்திலிருந்தே வந்தது. கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து பெர்ரியில் ஜார்ஜ்டவுன் என்று ஒரே நாளில் போய்த் திரும்பலாம். 2024 டிசம்பர் 21 முதல் பினாங்குக்கும் சென்னைக்கும் இடையே இண்டிகோ நிறுவனத்தின் நேரடி விமானச் சேவையும் தொடங்கியது. கோலாலம்பூர் போய் விமானம் மாறும் சிரமம் குறைந்ததால், வடமாநிலக் குடும்பங்களுக்குக் காஞ்சிபுரம் இன்னும் நெருங்கிவிட்டது.

சென்னைக்குப் போகிறவர்கள் கூறையோடு நிறுத்திக்கொள்வதில்லை. மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, சம்பந்தி வீட்டுக்குச் சேலைகள், அத்தைமார், சித்திமார் என்று பட்டியல் நீளும். எண்ணிக்கை கூடக்கூட, அங்கே கிடைக்கும் விலை வித்தியாசம் விமானச் செலவை ஈடுகட்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் பலர் இன்னொரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பும் பயணிக்குச் சுங்கத் துறை வழங்கும் வரிவிலக்கில் புதிய உடைகளுக்கு மூன்று உருப்படிகள் என்ற வரம்பு உண்டு. பெட்டி நிறையச் சேலையோடு வருபவர் அதிகாரியின் கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

நேரலை விற்பனை இதைவிட எளிது. முகநூலிலோ டிக் டாக்கிலோ சேலையை விரித்துக் காட்டுகிறார்கள். எண்ணைச் சொன்னால் போதும், பொருள் வீடு தேடி வரும். 2024 ஜனவரி 1 முதல், 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத மதிப்பில் வெளிநாட்டிலிருந்து இயங்கலை வழி விற்கப்படும் பொருட்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி நடப்பில் உள்ளது. பதிவுபெற்ற விற்பனையாளர்கள் அதை வசூலிக்கிறார்கள். இருந்தும் ஆர்வம் குறையவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அரக்காகத் தெரிந்தது வீட்டில் குங்கும நிறமாக வந்து நின்றால் என்ன செய்வது என்பதை மட்டும், பணம் கட்டிய பிறகுதான் யோசிக்கிறார்கள்.

இவற்றோடு, விழாக்காலங்களில் மண்டபங்களையும் தங்கும் விடுதிகளையும் சில நாட்களுக்கு எடுத்து நடத்தும் விற்பனைகளும் உண்டு. அவற்றில் அந்நிய நாட்டு வியாபாரிகள் பங்கேற்பது குறித்து, தீபாவளி நெருங்கும்போதெல்லாம் பல ஊர்களின் இந்திய வணிகர்கள் புகார் எழுப்புகிறார்கள். சமூக வருகை அனுமதியில் வந்தவர் வியாபாரம் செய்வது 1963-ஆம் ஆண்டு குடிநுழைவு விதிமுறைகளின்படி குற்றம். கடை வாடகை, உரிமக் கட்டணம், பணியாளர் சம்பளம், வரி என்று ஆண்டு முழுவதும் செலவு செய்பவரோடு, இரண்டு நாள் கூடம் எடுத்தவர் போட்டியிடுவது எந்த வகையில் சமம் என்ற அவர்களின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

ஒரு கல்யாணத் துணிக்கடையை நம்பி அதன் உரிமையாளர் மட்டுமல்ல, வேறு பலரும் பிழைக்கிறார்கள். ரவிக்கை தைப்பவர், ஆரி வேலைப்பாடு செய்பவர், சேலைக்கு முன்கூட்டியே மடிப்பு எடுத்துத் தருபவர், மணப்பெண் அலங்காரம் செய்பவர், வரவேற்புக்கு லெஹங்கா வாடகைக்கு விடுபவர் என்று அந்தச் சங்கிலி நீள்கிறது. இவர்களில் பலர் வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்கள். சேலையோடு ரவிக்கையும் சென்னையிலேயே தைக்கப்பட்டு வந்தால் இந்தச் சங்கிலியின் பல கண்ணிகள் அறுபடும். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து திருமணங்கள் நின்றபோது, வாங்கி அடுக்கிய சரக்கு அலமாரியிலேயே முடங்கியது. அந்த அடியிலிருந்து எழுந்தவர்களுக்கு இது இரண்டாவது சோதனை.

அதற்காக “நம்மவர் கடையில் வாங்குங்கள்” என்ற வேண்டுகோள் மட்டும் போதாது. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 ரிங்கிட்டானது. கூறை, வேட்டி, உறவினர் சேலைகள் எல்லாம் சேர்ந்தால் அந்த ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுவது எளிது. அப்படிச் செலவழிக்கும் குடும்பத்தின் மனக்குறையும் நியாயமானதே. சில கடைகளில் விலைச்சீட்டு இருப்பதில்லை; ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்ற சந்தேகம் எழுகிறது. “சாஃப்ட் சில்க்” என்பது பட்டா, செயற்கை இழையா என்று கேட்டால் தெளிவான பதில் வருவதில்லை. மாற்றித் தரக் கேட்டால் முகம் மாறுகிறது. விலையைக் குறிப்பிடுவது சில்லறை வணிகரின் சட்டக் கடமை என்பதைக் கடைக்காரர்கள் மறந்துவிடக் கூடாது.

வாங்குபவரும் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்தியாவின் “சில்க் மார்க்” முத்திரை, பட்டு அசல் என்பதற்குத்தான் சான்று. சரிகைக்கோ கைத்தறிக்கோ அது சான்றாகாது. காஞ்சிபுரத்தின் பெயர்பெற்ற கோர்வை நெசவில் உடலும் கரையும் தனித்தனி ஊடு நூலால் நெய்து கோக்கப்படுகின்றன. அதனால் இரண்டும் சேரும் இடத்தில், சேலையைத் திருப்பிப் பார்த்தால், நூல் பிணைந்த தடம் தெரியும். ஓரத்தில் உருவிய ஓர் இழையைக் கொளுத்தினால் அசல் பட்டு முடி கருகும் வாடையோடு எரிந்து பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கட்டியாகும். கடைக்காரரின் சம்மதத்தோடு இதை அவர் முன்னிலையிலேயே செய்து பார்க்கலாம். நேரலையில் அதற்கு வழியில்லை.

உள்ளூர்க் கடையின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. பட்டு என்று சொல்லி வேறு துணியை விற்றால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முறையிடலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கடை இங்கே இருப்பதால் தீர்ப்பை நிறைவேற்ற ஆளும் இங்கே இருக்கிறார். கூடத்தைக் காலி செய்துவிட்டு விமானம் ஏறியவரையோ, சென்னையில் நேரலை நடத்துபவரையோ இந்த மன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்துவது எளிதல்ல.

ஆனால் இந்தப் பலம் ரசீதில் தெரிய வேண்டும். “சேலை 1” என்று எழுதிக் கொடுக்கும் ரசீதை வைத்துக்கொண்டு எந்த மன்றத்திலும் பெரிதாக வாதாட முடியாது. துணி என்ன, சரிகை என்ன, கைத்தறியா விசைத்தறியா, எத்தனை நாளுக்குள் மாற்றலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் கடை, சென்னைக் கடைகளோடு விலையில் போட்டியிட முடியாவிட்டாலும் நம்பிக்கையில் போட்டியிடலாம். அன்று சைக்கிள் வியாபாரியிடம் தோட்டத்து மக்கள் கடன் வைத்து வாங்கியதும், அவர் அடுத்த மாதமும் வருவார் என்ற அதே நம்பிக்கையில்தான்.

தை மாத முகூர்த்தங்களுக்குத் துணி எடுக்கக் கிளம்பும் குடும்பங்கள் முதலில் ஊர்க் கடையின் படியேறி, இந்த விவரங்களை எழுதித் தருவீர்களா என்று கேட்டுப் பார்க்கட்டும். அதற்கு வரும் பதிலைப் பொறுத்து விமானச் சீட்டை முடிவு செய்துகொள்ளலாம்.